எல்லை கடக்க வேண்டியது எண்ணா, விடையா? வளைகுடாவில் வாழும் குமரி மாவட்டத்தாரின் மின்னடையாளமும் தனியுரிமையும்

இரணியல் வாசகன் (இழையைத் தொடங்கியவர்):

நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில், வளைகுடாவில் ஒருவரேனும் வேலை பார்க்காத தெருவைக் காண்பது அரிது. அப்படிப் போனவர் ஒவ்வொருவரும் இன்று இரண்டு அரசுகளின் கணினிகளில் இரண்டு ஆட்களாகப் பதிவாகியிருக்கிறார். இங்கே ஆதார், பான், கடவுச்சீட்டு. அங்கே அமீரகமானால் எமிரேட்ஸ் ஐடியும் யூஏஇ பாஸ் செயலியும், சவுதியானால் இகாமாவும் அப்ஷரும், கத்தாரானால் கியூஐடியும் மெட்ராஷும், குவைத்தானால் சிவில் ஐடியும் சாஹெலும். ஒவ்வொன்றிலும் முன்னது வசிப்பு அட்டை, பின்னது அரசுச் செயலி. ஊரில் நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும், அங்கே குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று வரும்போது, இந்த இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பாடு முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

ஒரு நாட்டின் மின்னடையாளத்தை மற்றொரு நாட்டு அரசுச் சேவை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ளது. 2014-ஆம் ஆண்டின் 910-ஆம் எண் ஒழுங்குமுறையின்படி, முறையாக அறிவிக்கப்பட்ட அடையாளங்களை மற்ற உறுப்பு நாடுகள் 2018 செப்டம்பர் 29 முதல் ஏற்றாக வேண்டும். 2024-இல் அது திருத்தப்பட்டு, 2026 முடிவதற்குள் ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் மக்களுக்கு ஒரு மின்னடையாளப் பணப்பையை, அதாவது அடையாளத்தையும் சான்றிதழ்களையும் கைபேசியில் வைத்துக் காட்டும் செயலியை, தர வேண்டும் என்றாயிற்று. இந்தியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் இடையே அப்படி ஓர் ஏற்பாடு வந்தால் நாம் எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்பதே இந்த இழையின் பொருள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லையைக் கடக்க வேண்டியது கேள்விக்கான விடை மட்டுமே. எண் கடக்கக் கூடாது. எண்களையே கவனியுங்கள். கத்தாரின் 11 இலக்க எண்ணில் பிறந்த ஆண்டும், இந்தியருக்கு 356 என்ற நாட்டுக் குறியீடும் வெளிப்படையாக நிற்கின்றன. குவைத்தின் 12 இலக்கங்களில் பிறந்த தேதியே முழுமையாக இருக்கிறது. எமிரேட்ஸ் ஐடியில் 784 என்ற நாட்டுக் குறியீட்டை அடுத்து வருவது பிறந்த ஆண்டு. ஆதாரின் 12 இலக்கங்களோ எதையும் சொல்வதில்லை. அவை குலுக்கலில் எடுப்பதுபோல் எடுக்கப்பட்டவை. அந்த ஒரு நல்ல குணத்தையும், ஆதார் நகலை வீட்டு வாடகைக்கும் விடுதி அறைக்கும் கொடுத்துக் கொடுத்து நாமே வீணாக்கிவிட்டோம். இந்த எண்களை ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைக்க இரண்டு அரசுகளும் ஒப்புக்கொள்ளும் நாளை நினைத்து நான் அஞ்சுகிறேன்.

---

குழித்துறை இ-சேவை:

இரணியல் அண்ணாச்சி அரசுகளைப் பற்றி அஞ்சுகிறார். என் மேசைக்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். தனியுரிமை முதலில் கைவிட்டுப் போவது அங்கேதான்.

ஒரு சகோதரி கணவரின் பெயரில் உள்ள நிலத்துக்கு விண்ணப்பிக்க வருகிறார். ஓடிபி கணவரின் கைபேசிக்குப் போகிறது. காலை பத்து மணிக்கு நான் மையத்தைத் திறக்கும்போது ரியாத்தில் ஏழரை. அவர் வேலைத்தளத்தில் இருப்பார், கைபேசி அறையில் இருக்கும். ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். ஆகவே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆதாரோடு இணைந்த இந்திய சிம்மை ஊரிலேயே யாரிடமாவது விட்டுவிட்டுப் போகிறார்கள். மனைவியிடம் இருந்தால் நல்லது. பல வீடுகளில் அது தம்பியிடமோ மைத்துனரிடமோ இருக்கிறது. சில வேளை, வேலைக்கு அனுப்பிய முகவரிடமே இருக்கிறது. அந்த சிம்மை வைத்திருப்பவர் அரசின் கண்ணுக்கு அந்த மனிதராகவே ஆகிவிடுகிறார்: வங்கிக்கும் அவரே, டிஜிலாக்கருக்கும் அவரே, வருமான வரித் தளத்துக்கும் அவரே. அவர் இன்ன காரியத்துக்கு மட்டும்தான் அனுமதிக்கப்பட்டார் என்று எந்தக் கணினிக்கும் தெரியாது.

சிம்மைக் கூடவே கொண்டுபோனவர்களின் நிலை வேறு. ரீசார்ஜ் செய்யாமல் சில மாதங்கள் கிடந்தால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பிறகு அதே எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விடுகிறது. பழையவரின் ஆதார் அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கும்.

கோப்புகளின் கதை இதைவிட மோசம். கடவுச்சீட்டின் முதல் பக்கமும் பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கமும் வாட்ஸ்அப்பில் வரும். அதைப் பதிவிறக்கி, அளவைச் சுருக்கி, பதிவேற்றிவிட்டு அடுத்த ஆளை அழைப்போம். அந்தக் கோப்பு கணினியிலேயே கிடக்கும். எங்கள் பகுதியில் பல மையங்களில் இதற்கென ஒழுங்கு எதுவும் இல்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுத்தால் பல அலுவலகங்களில் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

மார்த்தாண்டம் செவிலியர்:

நான் இணைப்பு வேண்டும் என்ற பக்கத்தில் இருக்கிறேன், காரணத்தோடு.

வளைகுடாவில் செவிலியராக உரிமம் பெற, பட்டம், மதிப்பெண் பட்டியல்கள், தமிழ்நாடு செவிலியர் மன்றப் பதிவு, அனுபவச் சான்று, கடவுச்சீட்டு ஆகிய அனைத்தும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். அதற்கு மேல் முத்திரைகள் வாங்க வேண்டும். அயல்நாட்டு ஆவணங்களைத் தூதரக முத்திரையின்றி, அப்போஸ்டில் என்ற முத்திரையோடு ஏற்கும் 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-இலேயே சேர்ந்துவிட்டது. சவுதிக்கு அது 2022 டிசம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்தது, அதனால் அங்கே போகிறவர்களுக்கு அப்போஸ்டிலுக்கு மேல் தூதரக முத்திரை தேவையில்லை. அமீரகத்துக்கும் கத்தாருக்கும் குவைத்துக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று படி ஏற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு முகவர், ஒரு ஜெராக்ஸ், அசல் சான்றிதழ் வாரக்கணக்கில் யாருடைய மேசை அறையிலோ. என்னோடு படித்த ஒருத்தியின் அசல் பட்டச் சான்றிதழை, பேசிய தொகைக்கு மேல் கேட்டு ஒரு முகவர் திருப்பித் தராமல் வைத்திருந்தார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவள் வேறு எங்கும் விண்ணப்பிக்கவும் முடியவில்லை.

பல்கலைக்கழகம் மின்கையொப்பமிட்ட சான்றிதழை என் கைபேசியிலேயே தந்து, அங்குள்ள சுகாதாரத் துறை அந்தக் கையொப்பத்தை நேராகச் சரிபார்த்துக்கொண்டால், இடையில் இத்தனை பேர் என் தாய் தகப்பன் பெயர் முதல் பிறந்த தேதி வரை பார்க்க வேண்டியதில்லை. தனியுரிமையைக் காரணம் காட்டி இணைப்பைத் தள்ளிப்போட்டால், இன்றைக்கு நம் தகவல்களை அதிகமாக வைத்திருக்கும் இடைத்தரகருக்கே அது லாபம்.

---

தூத்தூர் கடலோரத்தான்:

செவிலியர் சகோதரி சொல்வதில் உள்ள நியாயத்தை மதிக்கிறேன். சான்றிதழ் உங்களுடையது, அதை நீங்கள் காட்டுகிறீர்கள். ஆனால் எங்களைப் போல விசைப்படகு வேலைக்கு வளைகுடாவுக்குப் போகிறவர்களின் அடையாளத்தில் நாங்கள் எழுதாத வரிகளும் உண்டு.

சவுதியில் ஒரு தொழிலாளி வேலைக்கு வரவில்லை, ஓடிவிட்டான் என்று முதலாளி கணினியில் பதிவு செய்தால் அது ஹுரூப். சம்பளம் கேட்டுத் தகராறு செய்தவனுக்கும் ஹுரூப் போடப்பட்டதுண்டு. அந்த ஒரு குறி நிலைத்துவிட்டால் இகாமா செல்லாது, வேறு வேலையில் சேர முடியாது, பிடிபட்டால் தடுப்புக் காவல், பிறகு நாடு கடத்தல். 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்தால் பலர் முதலாளியின் அனுமதியின்றி வெளியேறும் விசாவைத் தாங்களே அப்ஷரில் எடுக்க வழி பிறந்தது. வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு ஓட்டுநர்கள் போன்றோர் அதற்குள் வரவில்லை. படகில் இருப்பவனோ கரைக்கு வரும்போதுதான் கைபேசியையே பார்க்கிறான். சில இடங்களில் அப்ஷர் கடவுச்சொல் படகு முதலாளியின் எழுத்தரிடம்தான் இருக்கும்.

இப்போது இரண்டு நாட்டுக் கணினிகளும் பேசிக்கொள்ளத் தொடங்கினால், அந்த ஹுரூப் குறியும் சேர்ந்துதானே வரும்? நாளை கடவுச்சீட்டைப் புதுப்பிக்கப் போனால் அங்கே அது தெரியுமா? வேறு நாட்டுக்கு வேலைக்குப் போக இந்திய அரசின் இமைகிரேட் தளத்தில் பதிந்தால் அங்கே தெரியுமா? முதலாளி ஒருவர் கோபத்தில் அழுத்திய பொத்தான் ஒருவனை வாழ்நாள் முழுக்க நாடு நாடாகத் துரத்தக் கூடாது. இதற்குப் பதில் கிடைக்காமல் நான் எந்த இணைப்புக்கும் சம்மதிக்க மாட்டேன்.

---

அருமனை அக்கா:

தம்பி சொன்னதைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. எங்கள் ஊரில் ஒருவர் அங்கே இறந்தபோது, உடலைக் கொண்டுவரவும் நிலுவைச் சம்பளம் வாங்கவும் உதவுகிறோம் என்று பலர் முன்வந்தார்கள். பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் வந்தார்கள். அவருடைய கடவுச்சீட்டு, இகாமா, மனைவியின் ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே நாளில் பல வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டன. நிலுவை வந்து சேர மாதங்கள் ஆயின. அதற்குள், பணம் வந்துவிட்டது, ஒரு கட்டணம் கட்டினால் விடுவிப்போம் என்று அந்தப் பெண்ணின் பெயர், கணவரின் இகாமா எண், வங்கிக் கிளை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி ஒருவன் அழைத்தான். அவள் நகையை அடகு வைத்துக் கட்டினாள்.

அந்தத் தாள்களை யார் யார் பார்த்தார்கள் என்று கேட்க அவளுக்கு ஓர் இடம்கூட இல்லை. என் கேள்வி அதுதான்: பார்த்தவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா?

---

தக்கலை வழக்கறிஞர்:

அக்காவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்தோனியாவில் அந்த உரிமை நடைமுறையில் இருக்கிறது. தன் தகவலை எந்த அரசு அலுவலகம் எப்போது பார்த்தது என்பதைக் குடிமகன் தானே இணையத்தில் பார்க்கலாம்; காரணமின்றிப் பார்த்த அலுவலரைக் கேள்வி கேட்கலாம். நம்மிடம் ஆதார் எந்த நாளில் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாற்றைப் பார்க்க வசதி உண்டு. ஆனால் சரிபார்ப்புக்குப் பிறகு அந்தத் தகவலையும் நகலையும் அலுவலகத்தில் யார் திறந்தார் என்பதை அது சொல்வதில்லை.

சட்டத்தின் நிலையைச் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கின் தீர்ப்பு, சட்டத்தை நிலைநிறுத்தியபோதே, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர இடம் தந்த 57-ஆம் பிரிவின் அந்தப் பகுதியை நீக்கியது. சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் சொன்னது. கைரேகை, கருவிழி போன்ற அடிப்படை உயிரியல் தகவலை எக்காரணத்துக்காகவும் யாருடனும் பகிரக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது. ஆகவே கைரேகை எல்லை தாண்டும் என்ற அச்சம் இன்றைய சட்டப்படி தேவையில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, மத்திய அரசு தடை விதித்து அறிவிக்கும் நாடுகளைத் தவிர மற்றவற்றுக்குத் தகவல் செல்லலாம். 17-ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்கு அளிக்கலாம். அந்தக் காரணங்களின் வரிசையில் அயல்நாடுகளுடனான நட்புறவும் இடம்பெறுகிறது. வளைகுடா அரசுகளோடு தகவல் பகிரும் ஒப்பந்தம் ஒன்று வந்தால் அந்தச் சொற்றொடரின் நிழலிலேயே அது நிற்கக்கூடும் என்பது என் கருத்து. மறுபக்கத்தில், அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசிடம் உள்ள தகவலுக்குப் பொருந்தாது. அரசும் அரசும் பகிரும்போது இரு பக்கச் சட்டங்களும் தொழிலாளிக்குக் கைகொடுக்காமல் போகலாம். தூத்தூர் நண்பரின் ஹுரூப் கேள்விக்கு என்னால் சட்டத்திலிருந்து ஆறுதல் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே தடுத்தாக வேண்டும்.

குழித்துறை நண்பர் சொன்ன சிம் சிக்கலைப் பற்றி ஒன்று. பிறர் சார்பில் செயல்படுவதைக் காகித உலகம் எப்போதோ தீர்த்துவிட்டது. அதன் பெயர் பவர் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடுகிறார். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்கிறது 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. எந்த நிலம், எந்தக் காரியம், யாருக்கு அதிகாரம் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். வேண்டாமென்றால் ரத்து செய்யலாம். மின்சேவையில் இதற்கு இணையாக எதுவும் இல்லாததால்தான் மக்கள் சிம்மையே கையில் கொடுக்கிறார்கள். பின்லாந்தில் சுவோமி.எஃப்ஐ என்ற அரசுத் தளத்தில், இன்ன காரியத்துக்கு, இன்ன நாள் வரை, இன்னாருக்கு அதிகாரம் என்று மின்வழியிலேயே பதிவு செய்யலாம். மனைவி தன் சொந்த அடையாளத்தோடு நுழைந்து கணவருக்காகச் செயல்படுவார். கணவராக நடிக்க வேண்டியதில்லை.

---

நாகர்கோவில் மென்பொருளர்:

இரணியல் வாசகன் விடை மட்டும் கடக்கட்டும் என்றார். கொள்கையளவில் ஏற்கிறேன், எப்படிக் கடக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தோஹாவில் உள்ள கணினி இந்தியாவிடம் "இவர் யார்" என்று நேரலையில் கேட்டால், விடையில் ஒரு சொல்கூட அதிகம் இல்லாவிட்டாலும், அவர் எந்த நாளில் எந்த அலுவலகத்தில் நின்றார் என்பது இந்திய அரசுக்குத் தெரிந்துவிடும். கேள்வியே ஒரு தகவல்தான்.

இதற்குத் தீர்வு பலருடைய பையில் ஏற்கெனவே வந்துவிட்டது. 2024 முதல் படிப்படியாக வழங்கப்படும் புதிய இந்தியக் கடவுச்சீட்டின் அட்டையில் பொன்னிறக் குறி ஒன்று இருக்கும், உள்ளே சில்லு. அதில் உள்ள தகவல் அரசின் மின்கையொப்பத்தோடு இருப்பதால், அயல்நாட்டு விமான நிலையம், கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கான இந்தியாவின் மின் திறவுகோலைக் கொண்டு அங்கேயே சரிபார்த்துக்கொள்ளும். டெல்லியை அழைத்துக் கேட்பதில்லை. செவிலியர் சகோதரியின் பட்டச் சான்றிதழுக்கும் இதே முறை பொருந்தும். ஆதாரிலும் கையொப்பமிட்ட கியூஆர் குறியீட்டை இணையமின்றிச் சரிபார்க்க இயலும். ஜெர்மனியின் அடையாள அட்டை இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு சேவைக்கும் வேறு வேறு புனைபெயரைத் தருகிறது. இரண்டு அலுவலகங்கள் தங்கள் பட்டியலை ஒப்பிட்டாலும் ஆள் ஒருவர்தான் என்று அந்தப் புனைபெயரைக் கொண்டு கண்டுபிடிக்க இயலாது. நம்மிடமும் 2018 முதல் ஆதாருக்குப் பதிலாகத் தரக்கூடிய, மாற்றிக்கொள்ளத்தக்க 16 இலக்க மெய்நிகர் எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கும் அலுவலகத்தை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்தோனியாவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். 2017-இல் அங்கே சுமார் 7.5 லட்சம் அட்டைகளின் சில்லில் குறை கண்டுபிடிக்கப்பட்டுச் சான்றிதழ்களை முடக்க வேண்டி வந்தது. மறைக்காமல் மக்களிடம் உடனே சொன்னதும், மாற்று ஏற்பாட்டை விரைந்து செய்ததும் அவர்களைக் காப்பாற்றின. ஆகவே எந்த ஒப்பந்தத்திலும், குறை தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது இருக்க வேண்டும். அடுத்தது, அடையாளப் பணப்பை என்பது ஒருவருக்கு ஒரு கைபேசி என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. தொழிலாளர் முகாமில் ஒரு கைபேசி பலரிடம் புழங்குகிறது; படகில் அது முதலாளியிடம் இருக்கிறது. கைபேசி இல்லாதவருக்குத் தூதரகத்தில் நேரில் சென்று அட்டையைக் காட்டும் வழி என்றும் திறந்திருக்க வேண்டும்.

---

இரணியல் வாசகன்:

மென்பொருளர் சொன்னதும் என் கோரிக்கையைக் கூர்மையாக்கிக்கொள்கிறேன்: விடை மட்டும் கடக்க வேண்டும், அதுவும் அவரவர் கையிலிருந்தே கடக்க வேண்டும்.

தூத்தூர் நண்பரும் செவிலியர் சகோதரியும் எதிரெதிராக நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. சகோதரி கேட்பது, தாம் சம்பாதித்த தகுதியைத் தாமே எடுத்துச் சென்று காட்டும் வசதி. நண்பர் மறுப்பது, தம் முதுகுக்குப் பின்னால் இரண்டு அரசுகள் தம்மைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வசதி. முதலாவதைத் தரும் ஒப்பந்தம் இரண்டாவதைத் தர வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை. பட்டம், திருமணம், பிறப்பு, ஓட்டுநர் உரிமம் ஆகியவை உரியவரின் கையிலிருந்து செல்லட்டும். முதலாளி பதிந்த எந்தக் குறியும், நீதிமன்றமோ தொழிலாளர் தீர்ப்பாயமோ விசாரித்து உறுதி செய்யாத வரை, எல்லையைத் தாண்டக் கூடாது. விசாரணைக்கு முன் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

சிம் பற்றிய வாதத்துக்கு வலுச் சேர்க்க ஒன்று. 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், சவுதி, அமீரகம், கத்தார், ஓமன் உள்ளிட்ட 10 நாடுகளின் கைபேசி எண்களைக் கொண்டே வெளிநாடுவாழ் இந்தியர் தம் வங்கிக் கணக்கை யூபிஐ-யில் இணைக்க அனுமதித்தது. பணத்தையே அனுப்ப வெளிநாட்டு எண் போதுமென்றால், பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க அது ஏன் போதாது? வெளிநாட்டு எண்ணை மாநில அரசுச் சேவைகளில் பதிய விட்டாலே, தம்பியிடமும் முகவரிடமும் கிடக்கும் சிம்களில் பாதி தேவையற்றுப் போகும். வரித்துறையில் என்ன நடந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் பானோடு ஆதாரை இணைப்பது கட்டாயமில்லை என்ற விலக்கு இருந்தும், தங்கள் வசிப்பிட நிலையைத் துறைக்குத் தெரிவிக்காத பலரின் பான் 2023 ஜூலையில் செயலிழந்தது. விலக்கு தாளில் இருந்தது. கணினிக்கு அது தெரியவில்லை.

இவற்றை மனுவாக எழுதி அயலகத் தமிழர் நல வாரியத்துக்கு அனுப்பவும், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு படியைக் கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன். மாநில அரசால் முடிந்தவற்றை முதலில் வைப்போம்: வெளிநாட்டு எண்ணை ஏற்பது, கால வரம்புள்ள மின் அதிகாரப் பதிவு, இ-சேவை மையங்களில் கோப்பு அழிப்பு ஒழுங்கு, மறைக்கப்பட்ட ஆதாரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சுற்றறிக்கை.

---

தக்கலை வழக்கறிஞர்:

மின் அதிகாரப் பதிவு என்று மட்டும் எழுதினால், பவர் பத்திரத்தைக் கணினியில் ஏற்றினால் போதும் என்று எடுத்துக்கொள்வார்கள். "அதிகாரம் பெற்றவர் தம் சொந்த அடையாளத்தால் நுழைய வேண்டும்; அவர் செய்த ஒவ்வொரு செயலும் அதிகாரம் கொடுத்தவருக்கு உடனே தெரிவிக்கப்பட வேண்டும்; கொடுத்தவர் எந்த நேரத்திலும் தொலைவிலிருந்தே அதை ரத்து செய்யலாம்" என்று மூன்றையும் எழுதுங்கள். ரத்து செய்யும் உரிமை இல்லாத இடத்தில் பெண்கள் படும் பாட்டை நீதிமன்றத்தில் பார்க்கிறேன். கணவர் மனைவிக்குக் கொடுப்பது மட்டுமல்ல, வெளிநாட்டில் வேலை செய்யும் மனைவி ஊரிலுள்ள கணவருக்குக் கொடுப்பதும் இதில் அடங்கும்.

---

குழித்துறை இ-சேவை:

கோப்பு அழிப்பைச் சுற்றறிக்கைக்காகக் காத்திராமல் தொடங்கிவிடலாம். விண்ணப்ப எண் வந்ததும், வந்தவரின் கண்முன்னே கணினியிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் கோப்பை நீக்குவது என்று என் மையத்தில் முடிவு செய்திருக்கிறேன். மேல்புறம், களியக்காவிளைப் பக்கத்து மையக்காரர்களிடமும் பேசுகிறேன். ஒரு நடைமுறைச் சிக்கலை மட்டும் மனுவில் சேருங்கள்: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதே ஆவணங்களை மறுபடி கேட்கிறார்கள். அதனால்தான் பலர் கோப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒருமுறை சரிபார்த்த ஆவணத்தை மறு விண்ணப்பத்துக்கு அரசுத் தளமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

---

தூத்தூர் கடலோரத்தான்:

முதலாளி பதிந்த குறி பற்றிய வரி மனுவில் இருக்குமானால் என் கையொப்பமும் உண்டு. இங்கே மனு மாநில அரசுக்குப் போகிறது. அந்த வரியை வெளியுறவு அமைச்சகத்துக்கும் தனியாக அனுப்ப வேண்டும், ஒப்பந்தம் போடுவது அவர்கள்தான். எங்கள் கரையில் சவுதி சென்று திரும்பியவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கித் தருகிறேன். பெயரும் இகாமா எண்ணும் இல்லாமல் கொடுத்தால் ஏற்பார்களா, வழக்கறிஞர் ஐயா?

---

தக்கலை வழக்கறிஞர்:

ஏற்கும்படி எழுதலாம். வாக்குமூலம் கொடுப்பவரின் அடையாளத்தை நான் சரிபார்த்து, உறுதிச்சான்று மட்டும் இணைக்கிறேன். பெயர்கள் என் அலுவலகக் கோப்பில் இருக்கும், மனுவோடு போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு கரையில் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லுங்கள், நேரில் வருகிறேன்.